சரக்கும் சரிகையும்

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இல்லாத மனிதர்களை இருப்பதாகச் சொல்லி, நடக்காத காரியங்களை நடந்ததாகச் சாதித்து, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொள்கிறவன். ஆகையால் பொய்யைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு என்று வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த யோக்கியதையை வைத்துக்கொண்டு இன்று ஒரு சண்டைக்கு வந்திருக்கிறேன். சண்டை வியாபாரிகளோடு அல்ல. வியாபாரிகளுக்கு எழுதிக் கொடுக்கிறவர்களோடு.

விஷயம் இதுதான். ராயபுரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு பையன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், நாற்பது வயதாகிறது. அவன் தகப்பனார் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். விசைப்படகுகளின் ஷாஃப்ட் வளைந்துபோனால் நிமிர்த்துவது, தேய்ந்த புஷ்ஷை மாற்றுவது, அடிபட்ட புரொப்பெல்லரைச் செப்பனிடுவது இவையெல்லாம் அவன் தொழில். சென்ற பங்குனியில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பட்டறைக்கு ஒரு வெப்சைட் போடப் போறேன். போடறதுக்கு ஆள் இருக்கு. எழுதறது மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. வேற யார் எழுதினாலும் நல்லா இருக்காது."

புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் உண்டா? ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் மூன்று நாள் அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். இரும்புத் தூளும் எண்ணெய் நாற்றமும் வேட்டியில் ஒட்டிக்கொண்டு, வீட்டில் பேச்சு வாங்கியது தனிக் கதை.

அந்த மூன்று நாளும் நான் செய்த வேலை, டெலிபோனில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதுதான். பங்குனிக் கடைசி என்பது அங்கே திருமண வீட்டுக்கு முந்தின நாள் மாதிரி. ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கி ஜூன் 14ஆம் தேதி வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காகச் சர்க்கார் விதித்த தடை. வருஷம் முழுவதும் தள்ளிப்போட்ட ரிப்பேரையெல்லாம் படகுக்காரர்கள் அந்த 61 நாளில்தான் முடித்தாக வேண்டும். ஜூன் 15 காலையில் படகு கடலில் இல்லையென்றால், இரண்டு மாதம் கூலியில்லாமல் காத்திருந்தவர்கள் மூன்றாவது மாதமும் காத்திருக்க வேண்டும். ஆகவே டெலிபோன் ஓயாமல் அடித்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்டார்கள்: "16 அடி ஷாஃப்ட் உங்க லேத்துல ஏறுமா? இன்னைக்குக் குடுத்தா எப்போ கிடைக்கும்? என்னா ஆகும்?" ஒருவர் மட்டும், "ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டார். ஒருவராவது, "உங்கள் பட்டறை உலகத் தரம் வாய்ந்ததா?" என்று கேட்கவில்லை.

கேட்டதை வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எவ்வளவு நீள ஷாஃப்ட் ஏறும் என்பது முதல் வரி. சாதாரண நாளில் எத்தனை நாளில் கிடைக்கும், தடைக்காலத்தில் எத்தனை நாள், அதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும் என்பது அடுத்தது. வேலைக்கு வேலை கூலி. எஞ்சின் வேலை இங்கே பார்ப்பதில்லை என்று ஒரு வரி. அவன் தகப்பனார் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்ததையும், அந்த லேத் இன்னமும் ஓடுவதையும் பற்றி நாலு வரி; அது என் சபலம். துறைமுகத்து வாசலிலிருந்து பட்டறைக்கு எப்படி வருவது என்பதோடு முடித்தேன்.

வெப்சைட் போடுகிற ஸ்தாபனத்துக்கு அது போயிற்று. நாலாம் நாள் பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா 'என்கேஜிங்'கா இல்லைன்னு சொல்றாங்க. படிக்கிறவனை இழுத்துப் பிடிக்கணுமாம்."

பிறகு அவர்களே இழுத்துப் பிடித்து எழுதியதைக் காட்டினான். கடல்சார் பொறியியல் தீர்வுகளை வழங்குவதில் முன்னணியில் திகழும், உலகத் தரம் வாய்ந்த, வாடிக்கையாளர் திருப்தியையே தாரக மந்திரமாகக் கொண்ட நிறுவனமாம் அது! மேலே ஒரு படம்: வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், பின்னால் பனி மூடிய மலை. காசிமேட்டில் பனிமலையை நான் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டிதான் பார்த்திருக்கிறேன். 'ராயபுரத்தில் சிறந்த' என்ற இரண்டு சொற்கள் ஒரே பக்கத்தில் பதினொரு தடவை. ஏன் என்று கேட்டால், கூகிள் கண்ணில் படுவதற்காம். இப்படிச் சொல்லைத் திணித்து ஏமாற்றப் பார்க்கும் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று அந்தக் கூகிளே பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மனிதனும் படிக்க மாட்டான், யந்திரமும் மதிக்காது. யாருக்காக ஐயா எழுதினீர்கள்?

அதுவும் முதலில் இங்கிலீஷில் எழுதி, பிறகு யந்திரத்தைக் கொண்டு தமிழாக்கியது. புரொப்பெல்லருக்குக் கலைச்சொல் 'உந்தி' என்று யந்திரம் எங்கேயோ கற்றிருக்கிறது. "உந்தி பழுதுபார்ப்பில் வல்லுநர்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உந்தி என்றால் தமிழில் தொப்புள் என்றும் பொருள் உண்டு. ஷாஃப்ட் வளைந்துபோன படகுக்காரர் அதைப் பார்த்தால், ஏதோ நாட்டு வைத்தியசாலை என்று நினைத்து விலகிப் போவார்.

'தீர்வு' என்ற சொல்லைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இப்போது யாரும் எதையும் செய்வதில்லை. எல்லோரும் தீர்வு வழங்குகிறார்கள். சுமை ஏற்றுகிறவர் போக்குவரத்துத் தீர்வு. டீ கொண்டுவருகிறவர் சிற்றுண்டித் தீர்வு. வளைந்த இரும்பை நிமிர்த்துகிறவன் தன் கையாலும் கண்ணாலும் கற்ற வித்தை ஒன்று இருக்கிறது. சுழலும் ஷாஃப்டின் மேல் சாக்கட்டியை லேசாக வைத்து, எங்கே கோடு விழுகிறது என்று பார்த்து, வளைவு எங்கே என்று சொல்லிவிடுகிறான். அந்த வித்தையை எழுதினால் நான் நின்று படிப்பேன்; நீங்களும் படிப்பீர்கள். அதைத் துடைத்து எறிந்துவிட்டு அங்கே 'தீர்வு' என்று எழுதுவது சுவையைக் கூட்டுவதா, கொல்லுவதா?

நான் பழங்காலத்து மனிதன், எனக்கு இணையத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். என் பேச்சை நம்ப வேண்டாம். இணையம் குழந்தையாயிருந்த 1997ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ஜேக்கப் நீல்சன் என்பவரும் ஜான் மோர்க்ஸ் என்பவரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா மாகாணத்தில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி ஒரே விஷயத்தைப் பல விதமாக எழுதி, ஆட்களிடம் கொடுத்தார்கள். ஒன்றில் விளம்பரத் தோரணை, தற்பெருமை. இன்னொன்றில் அந்தப் பெருமையை மட்டும் உருவிவிட்டு, மற்ற விவரங்களை அப்படியே வைத்தார்கள். பெருமையை உருவியதற்கே, அந்தப் பக்கம் படிப்பவர்களுக்குப் பயன்பட்ட அளவு 27 சதவீதம் கூடியது. பாதியாகச் சுருக்கியபோது 58 சதவீதம். சுருக்கி, கண்ணுக்கு எளிதாகப் பிரித்து, பெருமையையும் எடுத்துவிட்டபோது 124 சதவீதம்! காரணம் அவர்கள் சொன்னது சாதாரணமானது: மிகைச் சொல்லைப் பார்த்தவுடன் படிக்கிறவனுடைய மூளை, இதில் எது நிஜம், எது ஜம்பம் என்று சலிக்க ஆரம்பிக்கிறது. அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. பசியோடு வந்தவனை உட்காரவைத்துக் கல் பொறுக்கச் சொல்வதற்குப் பெயர் விருந்தா?

விளம்பரத்தையே தொழிலாகக் கொண்ட மகாவல்லவர்களும் இதைத்தான் செய்தார்கள். டேவிட் ஓகில்வி 1958இல் ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் அந்தத் தொழிலில் வேதம்போல் சொல்லப்படுகிறது. மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தார். 60 மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்று ஒரு செய்தி அகப்பட்டது. அதையே தலைப்பாகப் போட்டார். 'உலகத் தரம்' இல்லை, 'ஒப்பற்ற' இல்லை. ஒரு கடிகாரம், ஒரு சத்தம். அதைப் பார்த்த கம்பெனி இன்ஜினீயர், அந்தக் கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று வருத்தப்பட்டாராம்! தொழிலில் உண்மையாய் இருப்பவனுக்குப் புகழ்ச்சியிலும் தன் குறைதான் தெரியும்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போவானேன்? ராயபுரத்திலிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். அங்கே 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். பலூனிலிருந்து பொம்மை, கையுறை, 1952இல் டயருக்கு மேலே ஒட்டும் ரப்பர், பிறகு டயர். மதராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற எம்.ஆர்.எஃப். உண்டானது இப்படி. டயர் வியாபாரத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று 1964இல் விளம்பர நிபுணர் அலீக் பதம்ஸியிடம் வேலை வந்தபோது, அவர் என்ன செய்தார்? லாரி டிரைவர்களைப் போய்க் கேட்டார். டயர் பலமாக இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். இரண்டு கையாலும் டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பயில்வான் அங்கிருந்து வந்தவர்தான். பதம்ஸி டிரைவர்களிடம் போனார். நம் வெப்சைட்காரர்களில் ஒருவராவது காசிமேட்டுக்கு வந்தாரா?

அதே திருவொற்றியூரில் 1956 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பெட்ரோல் டாங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோட்டை, அச்சும் இல்லாமல் அளவுகோலும் இல்லாமல், கையில் தூரிகை பிடித்து இழுக்கும் மனிதர்கள் அந்தத் தொழிற்சாலையில் இருந்தார்கள். இதை ஒருவர் எனக்குச் சொன்னபோது, மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாத நான் ஒரு நாள் முழுவதும் தெருவில் போகிற வண்டிகளின் டாங்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்கேஜிங் என்பது இதுதானே?

இதுவரை சொன்னது வியாபார நஷ்டம்; நாலு வாடிக்கை வரும், போகும். இதற்கு இவ்வளவு கோபமா என்று நீங்கள் கேட்கலாம். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்னும் வடக்கே, எண்ணூருக்கு வாருங்கள்.

2023 டிசம்பர் மாதம் எண்ணூருக்கு நல்ல மாதம் அல்ல. முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து, கழிமுகத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றின் மேலும் கறுப்பாகப் படிந்தது. அது கழுவி முடிவதற்குள் 26ஆம் தேதி இரவு, நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். டஜன் கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் கம்பெனி அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வழக்கமான வேலையின் நடுவில் குழாயில் ஒரு 'அசாதாரண நிலை' கவனிக்கப்பட்டதாம். மிகக் குறுகிய நேரத்தில் அது சரிசெய்யப்பட்டதாம். அக்கம்பக்கத்தில் சிலர் 'அசௌகரியம்' தெரிவித்தார்களாம்.

அசௌகரியம்! ரயிலில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அது அசௌகரியம். பாதி ராத்திரியில் மூச்சு விடமுடியாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது; இங்கிலீஷிலும் இருக்கிறது.

அந்த அறிக்கையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேறு மாதிரி எழுதும் பழக்கம் இருந்திருக்காது. அதுதான் விஷயம். வருஷம் முழுவதும் 'பசுமை', 'பொறுப்பு', 'சிறப்பு' என்று பொருளில்லாத சொல்லை அடுக்கிக்கொண்டிருந்த கைக்கு, ஒரு ராத்திரி திடீரென்று, "எங்கள் குழாய் கசிந்தது, இந்த வாயு கண்ணையும் நெஞ்சையும் தாக்கும், காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று எழுத வருமா? நல்ல நாளில் மெய்யைச் சொல்லிப் பழகாத பேனா கெட்ட நாளில் சொல்லிவிடாது. ஷாஃப்ட் நிமிர்த்துகிறவனைத் 'தீர்வு வழங்குநர்' ஆக்குகிற பள்ளிக்கூடமும், கசிவை 'அசாதாரண நிலை' ஆக்குகிற பள்ளிக்கூடமும் ஒன்றேதான். முதலாவது சின்ன வகுப்பு, அவ்வளவே.

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. "ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது சார், மூன்று விநாடிக்குள் பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள்" என்கிறார்கள். போகத்தான் போகிறார்கள். ஆனால் அந்த மூன்று விநாடியில் அவர்கள் கண் எதைத் தேடுகிறது? கையில் வளைந்த ஷாஃப்டோடு வந்தவன் 16 அடி என்ற எண்ணைத் தேடுகிறான். அதை முதல் வரியில் வைத்தால் நிற்பான். பனிமலையைக் காட்டினால் போவான். தெருவில் சும்மா போகிறவனைக் கூவி அழைக்கலாம்; கடைக்குள் தானாக வந்துவிட்டவனைச் சட்டையைப் பிடித்து இழுப்பானேன்?

விவரத்தை மூட்டையாகக் கொட்டினால் போதும் என்று நான் சொல்லவும் இல்லை. அதுவும் ஒரு சோம்பல். அளவு, விலை, விலாசம் என்று ரேஷன் கடைப் பலகை மாதிரி எழுதி வைத்துவிட்டு, அதுதான் நேர்மை என்று சாதிக்கிறவர்களும் உண்டு. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசிப்பதில்தான் எழுத்தாளனுக்குக் கூலி. கதையிலும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கதை படிக்கிறவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, என்னை ஏமாற்று பார்க்கலாம்" என்று சம்மதம் கொடுத்த பிறகே நான் பொய் சொல்ல ஆரம்பிக்கிறேன். படகுக்காரர் அந்தச் சம்மதத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பெரியகுப்பத்துத் தாய்மார்களும் கொடுக்கவில்லை.

இப்போது இன்னொரு விந்தை. 'உலகத் தரம் வாய்ந்த, முன்னணி' என்று எழுத இனி மனிதனே வேண்டாம். யந்திரத்திடம் கேட்டால் நொடியில் நூறு பக்கம் தருகிறது. அந்த வேலை போவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் டெலிபோனில் என்ன கேட்கிறார்கள் என்று பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்து கேட்க, வேட்டியைக் கறையாக்கிக்கொள்ள, ஓர் ஆள் போய்த்தான் ஆக வேண்டும்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். என் ஒன்றரைப் பக்கத்தையும், அவர்களுடைய பனிமலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:

"எல்லாம் சரி மாமா. 'எஞ்சின் வேலை பார்ப்பதில்லை'ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதைப் போட்டா வர்றவன் ஓடிட மாட்டானா?"

"எஞ்சின் கெட்டவன் உன் பட்டறை வாசல் வரைக்கும் வந்துவிட்டு ஓடுவான். உன்னைத் திட்டிக்கொண்டே ஓடுவான். அதற்கு வீட்டிலிருந்தபடியே ஓடட்டுமே" என்றேன்.

அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தான்.

தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பட்டறை வாசலில் ஷாஃப்டுகள் சவுக்குக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் படகின் பெயரைச் சாக்கட்டியால் எழுதியிருந்தது. உள்ளே லேத் சத்தத்துக்கு மேலே அவன் டெலிபோனில் கத்திக்கொண்டிருந்தான்:

"இல்லண்ணே... இல்ல, எஞ்சின் நம்மகிட்ட பாக்கறதில்ல. ஷாஃப்டு மட்டுந்தான். ஆமாண்ணே, 16 அடி ஏறும். எப்பவா? பத்து நாள் ஆகும்ணே, பொய் சொல்ல மாட்டேன்..."

என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். டிராயர் கொஞ்சம் திறந்திருந்தது. என் காகிதம் உள்ளேதான் இருந்தது, மூலையில் ஒரு கிரீஸ் கறையோடு.